சுருட்டுப் பெட்டிக்குப் பரிசுச் சலுகை கிடையாது

1961 ஆகஸ்டில் உருகுவே நாட்டின் புந்தா டெல் எஸ்தே நகரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் கூடிப் பேசின. கியூபாவின் சார்பில் சே குவேரா வந்திருந்தார். அமெரிக்கக் குழுவில் வந்திருந்த, அதிபர் கென்னடியின் இளம் உதவியாளர் ரிச்சர்ட் குட்வினுக்கு அவர் ஒரு மரப்பெட்டி நிறைய ஹவானா சுருட்டு கொடுத்தனுப்பினார். எதிரிக்குக் கடிதம் எழுத வரவில்லை, அதனால் கையை மட்டும் நீட்டுகிறேன் என்ற பொருளில் ஒரு குறிப்பும் கூடவே வந்தது. குட்வின் பெட்டியைத் தொடாமல் வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோய்க் கென்னடியிடம் கொடுத்தார். கென்னடி ஒன்றை எடுத்துப் பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்த பிறகுதான், முதல் சுருட்டை நீயல்லவா பிடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டாராம். இது குட்வினே பின்னாளில் எழுதிவைத்த செய்தி.

ஆறு மாதம் கழித்து, 1962 பிப்ரவரியில், அதே கென்னடி கியூபாவுடனான வணிகத்துக்குத் தடை விதித்தார். கையெழுத்துப் போடும் முன் தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, விடிவதற்குள் ஆயிரம் 'பெட்டிட் அப்மன்' சுருட்டு வேண்டும் என்றார். சாலிஞ்சர் கடை கடையாக அலைந்து 1,200 சேர்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகே ஆணையில் கையெழுத்து விழுந்தது.

அந்தத் தடை இன்றும் விலகவில்லை. வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் நண்பருக்குச் சுருட்டு அனுப்ப நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். லண்டனிலோ டொரண்டோவிலோ ரசீதோடு வாங்கியதாக இருக்கட்டும், கியூபாவில் செய்த சுருட்டு அமெரிக்காவுக்குள் தபாலில் போக முடியாது. எங்கே வாங்கினீர்கள் என்பது பேச்சே இல்லை. எங்கே சுற்றப்பட்டது என்பதே கேள்வி. 2016 அக்டோபரில் ஒபாமா அரசு, பயணிகள் சொந்த உபயோகத்துக்குக் கையில் கொண்டுவரலாம் என்று கொஞ்சம் தளர்த்தியது. 2020 செப்டம்பரில் டிரம்ப் அரசு அதையும் திரும்பப் பெற்றது.

சரி, டொமினிக்கன் குடியரசிலோ நிகராகுவாவிலோ செய்த சுருட்டை அனுப்பினால்? தடை இல்லை. ஆனால் வரி இருக்கிறது. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தபாலில் வெளிநாட்டுக்குப் பொட்டலம் அனுப்பும்போது சிஎன்22 அல்லது சிஎன்23 என்ற சுங்கப் படிவத்தை நிரப்பி ஒட்டுகிறோம். அதில் 'பரிசு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிட்டுவிட்டால் வரி போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. புடவைக்கும் புத்தகத்துக்கும் அது ஓரளவு உண்மை. பரிசுக்கென்று பல நாடுகள் ஒரு விலை வரம்பு வைத்து அதற்குள் வரியைத் தள்ளுபடி செய்கின்றன. ஆனால் அந்தச் சலுகைப் பட்டியலை வாசித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு விதிவிலக்கு வரும்: மதுவும் புகையிலையும் இதில் சேராது. கனடாவில் 60 டாலர் வரையிலான பரிசுக்கு வரி இல்லை, புகையிலைக்கு அந்தச் சலுகை இல்லை. சிங்கப்பூரில் 400 வெள்ளிக்குட்பட்ட தபால் பொருளுக்குக் கிடைக்கும் ஜிஎஸ்டி விலக்கும் புகையிலைக்குப் பொருந்தாது. பயணியாகப் போனால்கூட அங்கே ஒரே ஒரு சுருட்டுக்கும் வரி கட்டியாக வேண்டும். ஆஸ்திரேலியா 2019 ஜூலை முதல் அனுமதிச் சீட்டு இல்லாமல் புகையிலை இறக்குமதி செய்வதைத் தடுத்துவிட்டது. சுருட்டை மட்டும் அந்தத் தடையிலிருந்து விட்டுவைத்தார்கள், வரியிலிருந்து விட்டுவைக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் கொஞ்சம் தாராளம். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு, காசு வாங்காமல், எப்போதாவது அனுப்பும் சிறு பொட்டலத்துக்கு 45 யூரோ மதிப்பு வரை விலக்கு உண்டு. அதற்குள் சுருட்டு என்றால் 10 எண்ணம். பதினொன்றாவதை வைத்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் வரி என்று நினைக்க வேண்டாம். மொத்தச் சுருட்டும் விலக்கை இழக்கும். கடைகளில் பெட்டிக்கு 25 என்று விற்பது வழக்கம். பெட்டியை உடைக்காமல் அழகாக அனுப்ப ஆசைப்படுபவருக்கு விதி ஒத்துழைக்காது.

இந்தக் கணக்கின் சங்கடம், வரிச்சீட்டு யார் வீட்டுக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. தபாலில் வந்தால் பொதுவாகப் பெறுபவர்தான் கட்ட வேண்டும், கூடவே கையாளும் கட்டணமும். அனுப்பியவருக்கு நன்றிக் கடிதம் வரும், பெற்றவருக்கு பில் வரும். மனம் நோகுமே என்று அவர் அதைச் சொல்லவும் மாட்டார். இதைத் தவிர்க்க, படிவத்தில் 'தேயிலை', 'இனிப்பு' என்று எழுதச் சொல்லும் அறிவாளிகள் உண்டு. அது பொய் அறிவிப்பு. பொருள் பறிமுதலாகும், அபராதம் யார் தலையிலும் விழலாம். கூரியரில் அனுப்பலாமே என்றால், பெரிய நிறுவனங்கள் பலவும் தனி ஆட்களிடமிருந்து புகையிலையை வாங்குவதே இல்லை.

வரியைத் தாண்டினாலும் இலையின் குணம் மீதி இருக்கிறது. கையால் சுற்றிய நல்ல சுருட்டு 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். காய்ந்தால் மேலிலை வெடிக்கும், நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். இன்னொரு எதிரி சிகரெட் வண்டு. இலைக்குள் ஒளிந்திருக்கும் முட்டை, சூடு ஏறினால் பொரியும். புழு சுருட்டை உள்ளிருந்தே துளைத்துக்கொண்டு வரும். இதற்காகத்தான் கியூபாவில் ஏற்றுமதிக்கு முன் சுருட்டுகளை ஆழ்குளிரில் உறையவைக்கிறார்கள். சுங்கக் கிடங்கின் சூட்டில் வாரக்கணக்கில் கிடக்கும் பொட்டலத்துக்கு, உள்ளே போட்ட ஈரப்பதப் பையெல்லாம் எத்தனை நாள் தாங்கும்?

பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு வந்த பரிசுக்கு வேறு ஒரு தொல்லை இருந்தது. 1941-ல், போர் நடுவே, கியூபாவின் புகையிலை ஆணையம் அவருக்கு அலமாரி நிறைய 2,400 சுருட்டு அனுப்பியது. விஷம் இருக்குமோ என்று பாதுகாப்பு அதிகாரிகள் பதறி, மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சர்ச்சிலுக்கு அவ்வளவு பொறுமை ஏது? முடிவு வரும் முன்பே அமைச்சர்களுக்கும் கொடுத்துத் தானும் பற்றவைத்துவிட்டார்.

நம் ஊருக்கும் இந்தப் போக்குவரத்தில் பழைய பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் திருச்சி சுருட்டு கப்பலேறி இங்கிலாந்து போனது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சரக்கு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். படிக்கும் ஆங்கிலேயருக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டிய தேவை கானன் டாயிலுக்கு இருக்கவில்லை. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது.

இப்போது எதிர்த்திசையில், வெளிநாட்டிலிருந்து இங்கே ஒருவருக்கு அனுப்புவது இன்னும் கடினம். 2019 டிசம்பரில் இந்திய அரசு, தபாலிலும் கூரியரிலும் 'பரிசு' என்ற பெயரில் வரிவிலக்கோடு பொருள் இறக்குவதையே நிறுத்திவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு.

ஆகவே, நண்பர் புகைப்பவர்தான், உடம்பைப் பற்றிச் சொல்லியும் கேட்காதவர் என்றால், அவர் ஊரிலேயே உரிமம் பெற்ற சுருட்டுக் கடைக்குப் பணம் கட்டி, அங்கிருந்து கொடுக்கச் சொல்வது உத்தமம். வரி விலையிலேயே அடங்கிவிடும், சரக்கும் பதமாக இருக்கும். வாங்குபவருக்கு வயது மட்டும் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் அது 21. தன் கையாலேயே கொடுத்தால்தான் திருப்தி என்பவர் விமானத்தில் கொண்டுவரலாம். இந்தியாவுக்கு 2016-ஆம் ஆண்டுப் பயணப்பை விதிகள் வைத்த அளவு 25 சுருட்டு, அதாவது ஒரு பெட்டி.