பழைய ரிகார்டுக்கு என்ன விலை?

நாய்ப் படம் போட்ட கிராமபோன் தட்டுகளுக்கு மறுபடியும் யோகம் பிறந்திருக்கிறது. காஸெட் வந்த நாளில் பரணில் ஏறியவை அவை, ஸி.டி. வந்த பிறகு பழைய பேப்பர்காரருக்குக் கூட வேண்டாதவையாயின. அமெரிக்காவிலோ, 2022-ம் வருஷத்தில் புதிய வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் ஸி.டி.க்களை மிஞ்சி விற்றுவிட்டன. அந்தக் காற்று நம் பக்கமும் வீசியது. பம்பாய்ச் சோர் பஜாரிலும், கல்கத்தா ப்ரீ ஸ்கூல் வீதியிலும் பழந்தட்டு வியாபாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்து கொண்டார்கள். அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டு நாம் தான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

கேட்கும் விலை தகுமா என்பது கேள்வி. பெரும்பாலும் தகாது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் தகாத விலை எது, தகும் விலை எது என்று பிரித்தறிவதில் தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலாவதாக, கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. வீட்டுக்கு விலை சொல்லுகிறவர்கள் எல்லாரும் வீட்டை விற்றுவிடுவதில்லையல்லவா? இன்டர்நெட்டில் ஒருவர் பத்தாயிரம் ரூபாய் என்று போட்டால், அடுத்தவர் அதைப் பார்த்துப் பன்னிரண்டாயிரம் என்று போடுகிறார். இரண்டு தட்டும் வருஷக் கணக்கில் விற்காமல் கிடக்கும், மூன்றாமவரோ, "மார்க்கெட் விலையே அதுதான் ஸார்!" என்கிறார். 2000-ம் வருஷத்தில் தொடங்கப்பட்ட 'டிஸ்காக்ஸ்' என்னும் இணையத் தளத்தில், ஒரு தட்டு இதற்கு முன் உண்மையில் என்னென்ன விலைக்குக் கை மாறிற்று என்ற கணக்கு கிடைக்கும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

இரண்டாவது, பழமை வேறு, அருமை வேறு. ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் எச்.எம்.வி. இசைத்தட்டாக வெளிவந்தது. அதன் பெருமையைப் பற்றி இரண்டாவது பேச்சில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ஒலித்த தட்டு அது. மறுபடியும் மறுபடியும் அச்சாயிற்று. "அறுபது வருஷத்துப் பழைய சரக்கு" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால், பக்திக்கு விலை வைக்கிறார்கள் என்று தான் அர்த்தம். இதற்கு நேர் விரோதமாக, வயதில் இளையவையான 1980-ம் வருஷங்களின் கடைசிப் பகுதித் தட்டுகள் அகப்படுவது கஷ்டம். அப்போது ஜனங்கள் காஸெட்டுக்கு மாறிவிட்டார்கள். தட்டுகளைக் கொஞ்சமாகவே அடித்தார்கள். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' 1986-ல் எக்கோ தட்டாக வந்தது. அதற்கு இன்று இளைஞர்கள் போட்டியிடுகிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

சில விலைகள் சங்கீதத்துக்கே சம்பந்தமில்லாதவை. பீட்டில்ஸ் கோஷ்டியார் 1968-ல் வெளியிட்ட வெள்ளை உறைத் தட்டில், ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு இலக்கம் அச்சடித்திருந்தார்கள். முதல் இலக்கம் கொண்ட பிரதி, அக்கோஷ்டியைச் சேர்ந்த ரிங்கோ ஸ்டார் வசம் இருந்தது. 2015 டிசம்பரில் அது ஏலத்தில் 7,90,000 டாலருக்குப் போயிற்று. அதே பாட்டுக்கள், அதே உறை. இலக்கம் மட்டும் பெரிதாக உள்ள பிரதிகளை அந்தத் தொகையில் ஒரு வண்டி நிறைய வாங்கலாம்.

நிற்க. தட்டு அருமையானதே என்று வைத்துக்கொள்வோம். அதன் உடம்பு எப்படி இருக்கிறது? வியாபாரிகள் தட்டுகளுக்கு இங்கிலீஷில் வகுப்புப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் 'வெரி குட்' என்றால் பையன் தலைகால் தெரியாமல் குதிக்கலாம். ரிகார்டு உலகத்தில் 'வெரி குட்' என்றால் இரைச்சல் காதில் விழும் என்று பொருள். வெறும் 'குட்' என்றாலோ, வாங்காமல் திரும்புவதே உத்தமம்! 'மின்ட்' என்ற சொல் புத்தம் புதியதற்கு மட்டுமே உரியது. அதை வாரி இறைக்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆகையால் தட்டை உறையிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். மேலோட்டமான மயிரிழைக் கோடுகளால் அதிகத் தீங்கில்லை. நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல் இருந்தால், நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று தடவை 'டிக்' என்று அது தாளம் போடும். எந்த வித்வானும் அந்தப் பக்கவாத்தியத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. தட்டின் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால், தேய்ந்த முள்ளைப் போட்டு ஓட்டி ஓட்டிப் பள்ளத்தையே தின்றுவிட்டார்கள் என்று அறியலாம். பூஞ்சைக்காளானைக் கழுவலாம், தேய்மானத்தைக் கழுவ முடியாது. வெயிலில் கிடந்து அப்பளம் போல் நெளிந்ததையும் விட்டுவிட வேண்டியது தான். உறைக்குள்ளே அந்த உறைக்குரிய தட்டு தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னது வினைலைப் பற்றி. அதற்கு முந்திய, நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அரக்குத் தட்டுகளின் கதையே தனி. நம் நாட்டுக் காடுகளில் பூச்சிகள் கட்டிய அரக்கு தான் உலகத்துப் பாடகர்களின் குரலையெல்லாம் தாங்கிற்று. இரண்டாவது மகா யுத்தத்தில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவில் பழைய தட்டுகளைச் சேகரித்து உருக்கினார்கள். எத்தனை குரல்கள் அந்தக் கொப்பரையில் கரைந்தனவோ!

எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல், இருபத்தேழே வயதில் காலமானார். தமிழில் பேசும் படம் பிறந்து இரண்டு வருஷங்களே ஆகியிருந்தன. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. மேடையில் அவரைக் கேட்டவர்களும் போய்விட்டார்கள். அந்தச் சாரீரம் மிஞ்சியிருப்பது பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடும் இந்த அரக்குத் தட்டுகளில் தான். வீணை தனம்மாளின் விரல்களைக் கேட்க நமக்குக் கிடைத்திருப்பதும் இவையே. இப்படிப்பட்ட தட்டுக்கு ஒருவர் நல்ல விலை கேட்டால் நாம் பேரம் பேசத் தயங்குவோம். 78-ம் சுற்றுத் தட்டுகளில் எல்லாம் இப்படி அல்ல. பெரும்பாலானவை சினிமாப் பாட்டுக்கள், எங்கும் கிடைப்பவை. ஆனால் மறுபதிப்பே காணாதவையும் அக்குவியலுக்குள் இருக்கும்.

பாட்டனார் வைத்துப்போன பெட்டியை விற்க நினைக்கும் குடும்பத்தார் அதனால் தான் நிறை போட்டோ, "மொத்தமாக இவ்வளவு" என்றோ கொடுத்துவிடக் கூடாது. 1985-ல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டுக்கு அந்நாளில் மூட்டை மூட்டையாகப் பல பெட்டிகள் அப்படித்தான் போயின. முதலில் ஒவ்வொரு தட்டின் நடுவிலுள்ள பெயரையும் இலக்கத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பெயர் தெரியாத வித்வானின் தட்டைக் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். விற்பதாயிருந்தாலும், பாட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு விற்கலாம்.

பிரதி எடுக்கும் வரையில், ஆசைப்பட்டு அதைச் சாவி கொடுக்கும் பழைய பெட்டியில் வைத்து ஓட்டிவிடாதீர்கள். அதன் எஃகு ஊசியும் தலையும் நூறு கிராமுக்கு மேல் பளுவோடு தட்டை உழுகின்றன. இக்காலத்து யந்திரத்தில் இரண்டு மூன்று கிராமே போதும். 78-க்கென்று தனியாக விற்கும் பருத்த முள்ளைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். வினைலுக்கான மெல்லிய முள் அந்த அகலப் பள்ளத்தின் அடியில் தள்ளாடிக் கொண்டு போகும்; பாட்டை விட இரைச்சலே அதிகம் கேட்கும்.