ஆறு கீழே, ஊர் மேலே

கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. பவானி பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு இடுக்கி மாவட்டத்து மறையூர் வழியாகவும் தமிழகத்துக்கு வருகின்றன. பவானியின் துணையாறான சிறுவாணியில் கட்டிய அணை கோவைக்குக் குடிநீர் தருகிறது. இந்த ஆறுகளின் சரிவுகளில் தலைமுறைகளாக வாழும் இருளர், முடுகர், குறும்பர், முதுவர் ஊர்களிலோ கோடையில் ஒரு குடம் நிறைவதே பெரும்பாடு.

இதற்கு மழையும் மேடும் காரணம். அட்டப்பாடியின் மேற்குக் காடுகளில் கொட்டும் பருவமழை, கிழக்கே ஆனைகட்டிப் பக்கம் வரும்போது மெலிந்துவிடுகிறது. மறையூரை அடுத்த சின்னாறும் மழைமறைவுப் பகுதிதான். ஆறு பள்ளத்தில் ஓட, ஊர் மேட்டில் இருக்கிறது. அடியில் கடும்பாறை, வெடிப்பில் நீர் அகப்பட்டால்தான் ஆழ்துளைக் கிணறு பலன் தரும்.

மலையூர்களுக்குப் பொருந்துவது மேலேயுள்ள ஓடையிலிருந்து தானாக இறங்கிவரும் தண்ணீர். ஓடையில் கல்லடுக்கித் தேக்கி, வாயில் சல்லடை கட்டிய ஹோஸ் குழாயைக் காட்டு வழியே இழுத்துவருவது இங்கே பழகிய முறை. முதல் மழைக்கே சருகும் சேறும் அதை அடைத்துவிடும். யானை மிதித்தால் நசுங்கிவிடும். மேம்பாடு என்பது இதையே உறுதியாகச் செய்வது: சிறு தடுப்பணை, வண்டல் தங்கும் தொட்டி, மணல் வடிகட்டி, மண்ணுள் புதைத்த குழாய், குளோரின் கலந்த சேமிப்புத் தொட்டி. இறைக்க மின்சாரமே வேண்டாம். ஊற்றுக்கு மேலுள்ள சோலைக்காட்டைக் காப்பதும் இதே வேலையின் பகுதி. அது அழிந்தால் தொட்டி வெறும் சிமெண்ட்தான்.

வனநிலம் என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் இடமில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராமசபை பரிந்துரைத்தால் குடிநீர்க் குழாய்களுக்கு ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தர வழிசெய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது என்பது நிபந்தனை.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். குழாய் பதித்த வீடுகளை எண்ணுவது எளிது; ஏப்ரலில் அந்தக் குழாயில் நீர் வருகிறதா என்று பார்ப்பதே சரியான கணக்கு. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக அமைந்த இடமலக்குடி போன்ற இடங்களில், உடைந்த வால்வை மாற்ற மூணாறிலிருந்து ஆள் வரட்டும் என்று காத்திருப்பது கொடுமை. ஒவ்வொரு குடியிலும் ஒருவருக்குப் பயிற்சியும் கருவியும் மாதச் சம்பளமும் தரவேண்டும்; அந்தச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.