தறியில் மூத்தோரும் இளையோரும்

கூட்டுறவுச் சங்கம் ஒரே தலைமுறையினர் கூடி நடத்தி முடித்துவிடும் காரியமன்று. பாட்டன் செலுத்திய பங்குத் தொகையால் பேரன் பயன் காண்பதும், பேரன் கற்று வந்த புதுமையால் பாட்டன் நன்மை எய்துவதும் சங்கத்தின் இயல்பு. ஆயின், இவ்விரு சாராரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் முறை சீராக அமையாவிடில், பங்குத் தொகை எவ்வளவு சேர்ந்தும் பயனில்லை. "இக்காலத்துப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதில்லை" என்று மூத்தோர் குறைப்படுவதும், "பெரியவர்கள் எதையும் மாற்ற விடுவதில்லை" என்று இளையோர் முணுமுணுப்பதும் மகாசபைக் கூட்டங்களில் நாம் கேட்டவையே. இக்குறைகளின் வேர் எங்கே உள்ளது என்பதை ஆராய்ந்து பார்ப்பது நம் அங்கத்தினர் யாவர்க்கும் நலம் பயக்கும்.

மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே, மேற்கு மலைத் தொடரின் அடிவாரப் பகுதியில் அமைந்த ஊர். இவ்வட்டாரத்து இளைஞன் முன்னே பல வழிகள் திறந்து கிடக்கின்றன. இராஜபாளையத்தில் 1936-ஆம் ஆண்டு பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் நூற்பாலையை நிறுவினார். பின்னர் ஆலைகள் பெருகின. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்யும் தொழில் வளர்ந்தது. ஆலைக்குச் செல்பவனுக்கு வேலை நேரம் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். தறியில் அமர்பவனுக்கோ நெய்த அளவே கூலி. நூல் வரத் தாமதித்தால் கூலியும் தாமதிக்கும். ஆகவே, தறியை விட்டுச் செல்லும் பிள்ளையைப் பணிவில்லாதவன் என்று ஏசுவது நியாயமாகாது. அவன் கணக்குப் பார்க்கிறான், அவ்வளவே. 2009-10-ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளரும் துணைத்தொழில் செய்வோரும் 43 லட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். 2019-20-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 35 லட்சத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டனர். கூலி உயராமல், இனிய சொல் ஒன்றினாலேயே இக்குறைவைத் தடுத்துவிட முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், தொழிலில் நிற்க விரும்பும் இளைஞனும் மனம் கசந்து எழுந்து போவதற்குச் சங்கம் திருத்தக்கூடிய காரணங்கள் சில உண்டு.

கற்பிப்பவர்க்குக் கூலி ஏது?

முதற்காரணம், கற்பித்தல் என்னும் வேலைக்கு நம் கணக்கேட்டில் இடமில்லாமை. மூத்த நெசவாளர் ஒருவர் புதியவனைத் தம் தறியில் அமர்த்திக் கற்பிக்கும்பொழுது, அவருடைய நெசவு நின்றுபோகிறது. அளவுக்குக் கூலி பெறுபவர்க்கு அது நேரான நஷ்டம். கற்பவன் நெய்த துணியில் இழை தப்பியிருந்தாலோ, கரை கோணியிருந்தாலோ, சங்கத்து மேசையில் அது பழுதென்று ஒதுக்கப்படும். அந்த நஷ்டமும் அவ்வீட்டையே சாரும். இந்நிலையில் முதியவர் பொறுமை இழந்து, "தள்ளிப் போ, நானே நெய்துகொள்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார். அதனை அவருடைய சிடுசிடுப்பு என்று பிள்ளை எண்ணுகிறான். உண்மையில் அது கூலிக் கணக்கின் குரல். பழக்கத்துக்கென்று சிறிது நூலும், கற்பிக்கும் நாட்களுக்கென்று ஒரு தொகையும் சங்கம் ஒதுக்குமானால், அம்முதியவரே பொறுமையுள்ள ஆசானாவதைக் காணலாம். மணவாழ்க்கையில் புகுந்த வீட்டில் தறி கற்கும் பெண்களுக்கும் இவ்வேற்பாடு உரியது. கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டோர் பெண்கள் என்பதை மறத்தலாகாது.

காரணம் சொல்லும் வழக்கம்

இரண்டாவது காரணம், மூத்தோர் முடிவை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாது விடுவது. "இன்று பாவுக்குக் கஞ்சி போட வேண்டாம்" என்கிறார் பெரியவர். நாள் வீணாகிறதே என்று இளைஞன் மனம் புழுங்குகிறான். காற்றில் ஈரம் மிகுந்தால் கஞ்சி உலராது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்று மிகவும் வறண்டாலோ நெசவின்போது இழை முறியும். இதனைப் பெரியவரின் விரல்நுனி அறியும், வாய்தான் சொல்லுவதில்லை. குழித்தறியின் பயனும் இத்தகையதே. தரைமட்டத்தில் பாவு தாழ்ந்து கிடப்பதால் மண்ணின் ஈரம் பட்டுப் பருத்தியிழை வலுப்பெறுகிறது. இதை அறியாத இளைஞன், குழியை ஏழ்மையின் அடையாளம் என்று எண்ணுவதில் வியப்பில்லை. "ஏன்" என்று பிள்ளை கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது. தொழிலைத் தனதாக்கிக்கொள்ள அவன் எடுத்து வைக்கும் முதல் அடி அது.

இளையோர்க்கும் இதே கடமை உண்டு. கூலி வங்கிக் கணக்கில் சேரும் இந்நாளில், பணம் வந்ததா, என்ன பிடித்தம் என்று அறியாமல் தவிக்கும் முதியவர் பலர். கைப்பேசியைப் பார்த்து "வந்துவிட்டது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், எத்தனை துணிக்கு எவ்வளவு, பிடித்தது எதற்கு என்று விவரமாகப் படித்துச் சொல்வது இளையோர் செய்ய வேண்டிய மரியாதை.

புதுக் கருவி வந்த வரலாறு

புதுமை என்றால் மூத்தோர் வெறுப்பர் என்பது பொதுப்பேச்சு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவை ஜான் கே என்னும் ஆங்கிலேயர் 1733-இல் கண்டுபிடித்தார். நம் நாட்டில் நெடுங்காலம் நாடாவைக் கையால் எறிந்தே நெய்தனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அதிகாரியின் முயற்சியால், சென்னை மாகாண அரசாங்கம் சேலத்தில் ஒரு நெசவுச்சாலை நடத்திப் புதிய நாடாவைப் பழக்கியது. நெசவாளர் அச்சாலைக்கு ஒழுங்காக வந்து வேலை செய்ய விரும்பவில்லை. மனைவி மக்களோடு வீட்டிலிருந்து நெய்வதையே விரும்பினர். ஆனால் அப்புதிய நாடா மட்டும் காலப்போக்கில் மாகாணமெங்கும் வீட்டுத்தறிகளில் பரவிற்று. குடும்பம் கூடிச் செய்யும் முறையைக் குலைக்காத கருவியை அவர்கள் ஏற்றனர். குலைக்கும் ஏற்பாட்டை மறுத்தனர். புதுமையைக் கொண்டுவரும் இளையோர் இப்பாடத்தை மனத்தில் இருத்தல் வேண்டும். புதிய கருவியால் தம் இடம் பறிபோகாது என்று மூத்தோர் உணர்ந்தால், கதவைத் தாமே திறப்பர்.

சங்கத்து மேசையில்

தலைமுறைகள் நேருக்கு நேர் மோதும் இடம் துணி வாங்கும் மேசைதான். இருபத்தைந்து வயது எழுத்தர், எழுபது வயது நெசவாளரின் துணியைப் பலர் முன்னிலையில் விரித்து, "இது தேறாது" என்று சொல்லுகிறார். அச்சொல் துணியைக் குறித்ததாயினும், முதியவரின் ஐம்பது ஆண்டு உழைப்பின்மேல் விழுகிறது. அதே எழுத்தர், "அண்ணாச்சி, அங்குலத்துக்கு இத்தனை ஊடை இருக்க வேண்டும், இங்கே நான்கு குறைகிறது. நூலில் ஏதும் கோளாறா?" என்று கேட்டிருந்தால் பேச்சு வேறு வழியில் சென்றிருக்கும். நூல் எண்ணும் கண்ணாடியை முதியவர் கையிலேயே கொடுத்து எண்ணச் சொல்வது இன்னும் நன்று. அளவு பேசும்பொழுது மனிதர் சண்டையிட வேண்டியதில்லை.

இவ்வாறு கேட்பதில் சங்கத்துக்கும் இலாபம் உண்டு. 40-ஆம் நம்பர் நூல் என்றால் 840 கெஜம் கொண்ட கழி 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருத்தல் வேண்டும். அதாவது ஒரு பவுண்டுக்கு 33,600 கெஜம். இக்கணக்கை எழுத்தர் ஏட்டில் அறிவார். வந்த நூல் அந்நம்பருக்குரியதா, முறுக்குத் தளர்ந்ததா என்பதைப் பழகிய முதியவர் தொட்டவுடன் ஐயுறுவார். இருவரும் சேர்ந்தால் நூல் கொடுத்தவரிடம் சங்கம் ஆதாரத்தோடு முறையிடலாம். தனித்தனியே நின்றால், நூலின் குற்றம் நெசவாளர் தலையில் ஏறும்.

தோப்பிலும் அதுவே

நம் விவசாய அங்கத்தினர்க்கும் இது பொருந்தும். பஞ்சவர்ணம், சப்பட்டை முதலிய மாவகைகளை வளர்க்கும் தோப்புகளில், பூக்கும் பருவத்துக்கு முன் நீர் பாய்ச்சாதே என்பார் முதியவர். சொட்டுநீர்க் குழாய் அமைத்த மகன், நீர் இருக்க மரத்தை ஏன் வாட்டுவது என்று எண்ணுகிறான். அப்பருவத்தில் நீர் மிகுந்தால் மரம் பூவுக்குப் பதிலாகத் தளிர் விடும் என்ற காரணத்தைச் சொல்லிவிட்டால் வழக்குத் தீர்ந்தது. அவ்வாறே, பழ ஈயைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி கட்டலாம் என்று மகன் சொல்லும்பொழுது நகைத்து ஒதுக்காமல், தோப்பின் ஒரு பகுதியில் அதனைக் கட்டி, புழு விழுந்த பழங்களை இருவரும் எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை. சிறு அளவில் செய்து பார்ப்பதற்கு இணங்குவது எவர் கௌரவத்துக்கும் குறைவன்று.

சங்கம் செய்யத் தக்கவை

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் சேர்ந்து அமைத்த கூட்டுறவுக் கடை திறந்தது. அவர்களுள் நெசவாளர் பலர். கடை திறந்த அன்று ஆலையில் வேலை செய்யும் சிறுவர்கள் கூடி நின்று, "கிழட்டு நெசவாளர் கடை திறந்துவிட்டது" என்று கேலி செய்தனர் என ஹோலியோக் எழுதிய வரலாறு கூறுகிறது. அம்முன்னோடிகள் இளையோரைக் கடிந்து நேரம் போக்கவில்லை. சில ஆண்டுகளில் படிப்பகமும் நூலகமும் அமைத்தனர். 1850-களில் உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கும் விதியையும் செய்துகொண்டனர். இளைய தலைமுறையைச் சேர்த்துக்கொள்ளச் செலவு செய்ய வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நாமும் அவ்வாறே சிலவற்றைச் செய்யலாம். தந்தை மட்டுமே அங்கத்தினராயுள்ள இல்லங்களில், 18 வயது நிறைந்த மகனும் மகளும் மருமகளும் விதிகளுக்குட்பட்டுத் தம் பெயரில் பங்கு பெற ஊக்குதல் ஒன்று. நிர்வாகக் குழுவில் நெடுநாள் இருந்தோர், அடுத்தவர் பழகும்படி பொறுப்புகளைப் படிப்படியாக ஒப்படைத்தல் மற்றொன்று. மாதம் ஒரு மாலை, வரவு செலவைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்க, முதலில் இளையோரும் பின்னர் மூத்தோரும் கருத்துரைக்கும் வழக்கம் மூன்றாவது. மூத்தோர் முதலிற் பேசிவிட்டால் இளையோர் மரியாதை கருதி வாய் திறவார் என்பதனாலேயே இம்முறை. ஆலைக்குச் சென்ற பிள்ளை திரும்பி வர விரும்பினால், பழித்துரையாமல் தறி கொடுக்கும் மனப்பான்மை நான்காவது.

பழைய பாவு தீரும் தறுவாயில் நம்மவர் அதனை அறுத்தெறிந்துவிடுவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்திருக்கும் பழைய இழைகளின் நுனியோடு, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கின்றனர். அங்குலத்துக்கு 80 இழை வீதம் 48 அங்குல அகலத் துணிக்கு 3,840 பிணைப்புகள். விரைந்து செய்யக் கூடிய வேலையன்று. ஆயினும் அதைச் செய்தவர்க்கு அச்சுக் கோக்கும் வேலை மிச்சம். ஒரு தலைமுறையை மறு தலைமுறையோடு சேர்ப்பதும் இத்தகைய பொறுமையான வேலையே. அதற்குரிய நேரத்தையும் பொருளையும் வரும் மகாசபையிலேயே நம் சங்கங்கள் ஒதுக்குமாறு அங்கத்தினர் யாவரும் முயலுதல் கடமையாகும்.