அக்கராயன் மேற்கே முழங்கால் தண்ணீர், திருகோணமலையில் கப்பல்

2023 யூன் மாதம் சென்னையில் இருந்து வந்த ‘எம்பிரஸ்’ என்ற சுற்றுலாக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று இடங்களிலும் தரித்துப் போனது. 1990இல் பிரான்சில் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கப்பலின் நீளம் 211 மீட்டர். நீச்சல் தடாகமும் அரங்கும் அடுக்கடுக்காக அறைகளும் கொண்ட ஒரு பட்டினமே மிதந்து வருகிறது. ஆனால் அதில் தண்ணீருக்குள் இருப்பது ஏறக்குறைய 7 மீட்டர்தான்!

மிதக்கும் எதுவும், அது ஒதுக்கும் தண்ணீரின் எடை தன் எடைக்குச் சமமாகும் வரைதான் தாழும். 30 மீட்டர் அகலமான தட்டை அடி கொஞ்சம் தாழ்ந்தாலே ஏராளமான தண்ணீர் ஒதுங்கிவிடும். எஞ்சின்கள், எண்ணெய், நன்னீர்த் தாங்கிகள் என்று கனமானவை எல்லாம் அடியில் இருப்பதால், மேலே இவ்வளவு உயர்ந்தும் கப்பல் சரிவதில்லை.

7 மீட்டர் பெரிய ஆழமா என்று கேட்கலாம். அக்கராயனில் இருந்து மேற்கே, பூநகரி, நாச்சிக்குடாப் பக்கக் கரையில் இறங்கிப் பார்த்தால் தெரியும். கரையில் இருந்து எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் மணல் திட்டுகள் தண்ணீருக்கு மேலேயே தெரியும். கொழும்பில் இருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல் நேர்வழியில் போக முடியாமல் இலங்கையைச் சுற்றிப் போவது அதனால்தான்.

இந்தக் கடலுக்கு வயது அதிகமில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், பூமியின் தண்ணீரில் இன்றையதைவிட அதிகமான பங்கு பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அப்போது தரை. பூநகரியில் இருந்து இராமேசுவரத்துக்குக் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். பிறகு பனி உருகியது, கடல் ஏறியது.

அதே கடல்தான் திருகோணமலையிலும் ஏறியது. அக்கராயன் குளம் வான்பாயும் நேரத்தில் நீர்மட்டம் எங்கும் ஒன்றுதான். ஆனால் அலைகரையில் மாடு நின்று மேயும், அணைக்கட்டடியில் ஆள் தாழும். ஆழத்தைத் தீர்மானிப்பது கீழே உள்ள நிலம். வடமேற்கில் கடல் மூடியது சுண்ணக்கல்லும் மணலும் பரவிய சமவெளியை. திருகோணமலையில் மூடியதோ கடினமான பழம்பாறை மேடுகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தாக்குகளை. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை, மூழ்காமல் எஞ்சிய அந்த மேடுகளில் ஒன்று. மூழ்கிய பள்ளத்தாக்கே காற்றும் அலையும் அண்டாத உள்துறைமுகம் ஆயிற்று. இதற்காகத்தான் ஐரோப்பியர் மாறி மாறிப் போர் செய்தார்கள்; 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இதன் மேல்தான்.

அதற்கு வெளியே இருப்பது இன்னும் பெரிய அதிசயம். மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவில் இருந்து ஆழ்கடலை நோக்கி ஒரு பாரிய கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது. அதன் ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. கோண்ட்வானா என்ற பழங்கண்டம் உடைந்தபோது பலவீனப்பட்ட பாறைகளின் வழியே அது வெட்டுண்டதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆழம் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதால், உலகின் மிகப்பெரிய விலங்கான நீலத்திமிங்கிலத்தைத் திருகோணமலையில் இருந்து படகில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடிகிறது.

காங்கேசன்துறையின் கதை வேறு. அது சுண்ணக்கல் கரை. அலைதாங்கி கட்டி, மூழ்கிக் கிடந்த கப்பல் சிதைவுகளை அகற்றி, தரையை அகழ்ந்தே அங்கே கப்பலுக்கு இடம் செய்தார்கள். வடக்குக்குப் பெரிய கப்பல்கள் வரவேண்டும் என்பதே என் ஆசையும். ஆனால் திருகோணமலையில் இயற்கை சும்மா தந்த ஆழத்தை இங்கே ஒவ்வொரு மீட்டராக வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டிய பிறகும் மணல் வந்து மூடாமல் காக்க வேண்டும்.