அருளா, மயக்கமா? தைப்பூச விரதமும் இனிப்புநீர் அன்பர்களும்

தைப்பூசத் திருநாளை முன்னிட்டு, கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையில் 1873-ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் புறப்பட, இரவெல்லாம் அதன் பின்னே நடந்து பத்துமலையை அடைவோர் பல்லாயிரவர். விரதமிருந்து, நீராடி, பால்குடமும் காவடியும் ஏந்தி 272 படிகளையும் ஏறி முருகப் பெருமானைத் தரிசிக்கும் அன்பர்களுள் இனிப்புநீர் உடையோர் எத்தனை பேர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர்.

சாலாக் செலாத்தானில் வாழும் ஓர் அம்மையாரை மனத்தில் வைத்துக்கொள்வோம். அதிகாலையில் வழக்கம்போல் மாத்திரையை விழுங்குகிறார். விரதமாதலால் உணவு கொள்ளவில்லை. கொம்யூட்டர் இரயிலேறிப் பத்துமலையில் இறங்கி, நெடுநேரம் வரிசையில் நின்று பால்குடம் சுமக்கிறார். பாதிப் படியில் கால் தள்ளாடுகிறது, உடல் நடுங்குகிறது, கண்கள் எங்கோ வெறிக்கின்றன, கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லை. சுற்றி நிற்போர் "அருள் வந்துவிட்டது" என்று கைகூப்பி, "வேல் வேல்" என முழங்குகின்றனர். அருளாகவும் இருக்கலாம்; அதை மறுப்பது நமது நோக்கமன்று. ஆனால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டவரும் இப்படியேதான் காணப்படுவார். அந்த முழக்கத்தின் நடுவே கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவரது மூளைக்கு உணவில்லாத நிமிடமாகும்.

இந்நிலை ஏன் நேர்கிறது? இன்சுலின் ஊசியும், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் நாம் உண்டோமா இல்லையா என்று பார்த்து வேலை செய்வதில்லை. உணவு வராவிட்டாலும் அவை சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். நடையும் படியேற்றமும் தசைகளை மேலும் சீனியை உறிஞ்சச் செய்கின்றன. மெட்ஃபோர்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இவ்வாபத்து மிகக் குறைவு. ஆகவே தாம் உண்ணும் மாத்திரையின் பெயரை அறிந்திருப்பது ஒவ்வொருவரின் கடமை. "வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவசர வேளையில் யாருக்கும் உதவாது.

சீனி இறங்கத் தொடங்கியதும் உடல் முதலில் தானே மணியடிக்கிறது. குளிர்ந்த வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, அடங்காப் பசி, உதடும் நாவும் மரத்தல் ஆகியவை அந்த மணியோசை. அதைக் கேளாவிட்டால் பார்வை மங்கும், பேச்சு குழறும், காரணமின்றிச் சினம் எழும், வழி தடுமாறும், இறுதியில் வலிப்பும் நினைவிழப்பும் நேரும். தைப்பூச வெயிலில் வியர்க்காதவர் யார் என்று கேட்கலாம். வெயிலின் வியர்வையில் உடல் சூடாக இருக்கும். தொட்டால் சில்லென்று, முகம் வெளுத்து வியர்த்திருந்தால் ஐயுறுங்கள். பல்லாண்டு நோயுற்றோர்க்கு இந்த முன்னறிவிப்பே மங்கிப்போவதுண்டு. இரத்த அழுத்தத்திற்கென 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை உண்போரிடம் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் மறையலாம். வியர்வை மட்டுமே சான்றாக நிற்கும்.

விரற்சோதனைக் கருவி கையிலிருந்தால் 3.9-க்குக் கீழ் இறங்கியதா எனப் பாருங்கள். கருவி இல்லையேல் காத்திருக்க வேண்டா. ஐயத்தில் கொடுத்த சீனியால் பெருங்கேடு விளையாது. கொடுக்காமல் விட்டால் விளையலாம். மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுக்கலாம். அல்லது ஒரு மேசைக்கரண்டித் தேன், அல்லது முக்கால் குவளை பழச்சாறு. பதினைந்து நிமிடம் கழித்தும் தெளிவில்லையேல் மீண்டும் அதே அளவு. தெளிந்த பின், அடுத்த வேளை உணவு தொலைவிலிருந்தால், ரொட்டியோ சோறோ சிறிதளவு உண்ண வேண்டும். அகார்போஸ் மாத்திரை உண்போருக்குச் சாதாரணச் சீனி விரைந்து பயன் தராது. அவர்கள் குளுக்கோஸ் மாவையே உடன் வைத்திருக்க வேண்டும்.

நினைவிழந்தவர் வாயில் தீர்த்தமோ பஞ்சாமிர்தமோ ஒரு துளியும் ஊட்டலாகாது. அன்பினால் செய்வதுதான், ஆயினும் அது மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதலுதவிப் பணியாளரை அழையுங்கள். அல்லது 999 எண்ணுக்குப் பேசுங்கள்.

அலகு பூணுவோர் குறித்து அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்லவேண்டும். நாவிலும் கன்னத்திலும் வேல் தரித்தவரால் தமக்குச் சோர்வென்று வாய்திறந்து கூற இயலாது. கூறினாலும் சீனிநீரைக் குடிக்க இயலாது. இன்சுலின் இட்டுக்கொள்ளும் அன்பர் வாயலகு நேர்த்திக்கடனை மேற்கொள்ளுமுன் தம் மருத்துவரையும், உடன்வரும் குருசுவாமியையும் கலந்துகொள்வதே தக்கது. பால்குடமும் முருகனுக்கு உகந்த காணிக்கைதானே!

மருத்துவரிடம் விரதத்தைச் சொல்லத் தயங்குவோர் நம்மிடையே மிகுதி. திட்டுவார் என்ற அச்சம். ஆனால் இந்நாட்டு மருத்துவர்களுக்கு நோன்பு புதிதன்று. ரமலான் நோன்பிருக்கும் இனிப்புநீர் நோயாளர்க்கென அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு 2016-இல் வழிகாட்டி நூலே வெளியிட்டு, 2021-இல் அதைப் புதுப்பித்தது. எவருக்கு நோன்பு ஆகாது, மருந்தின் அளவையும் நேரத்தையும் எவ்வாறு மாற்றுவது, சீனி எந்த அளவுக்கு இறங்கினால் நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும் என்பனவெல்லாம் அதில் உள. "தைப்பூசத்திற்கு இத்தனை நாள் விரதம், ஒருவேளை உணவு, இவ்வளவு தூரம் நடை" என்று முன்கூட்டியே விளக்கினால், அதே முறையில் நமக்கும் மருந்தை ஒழுங்குசெய்து தருவார்கள். தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தே.

தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் புரவலர்களுக்கு ஒரு விண்ணப்பம். மோர் தாகம் தீர்க்கும். இறங்கிய சீனியை விரைந்து ஏற்றாது. இனிப்புநீர்க்காரர் என்று பரிவுடன் சீனியில்லாத் தேநீர் நீட்டுவதும் இவ்வேளையில் பயன்படாது. ஆண்டு முழுவதும் விலக்கச் சொன்ன சீனியே அப்போது மருந்து. பந்தலின் ஓர் ஓரத்தில் சீனிப் பொட்டலங்களும் ஒரு சோதனைக் கருவியும் இருந்தால் பெரிய செலவாகாது.

தரிசனம் முடிந்து வீடு திரும்பியதோடு எச்சரிக்கையும் முடிந்ததென எண்ணிவிடாதீர்கள். நெடுநடைக்குப் பின் தசைகள் தாம் இழந்த சீனியை மீட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அன்றிரவு, உறக்கத்திலேயே சீனி இறங்கக்கூடும். நனைந்த தலையணை, கெட்ட கனவு, விடியலில் தலைவலி ஆகியன அதன் தடயங்கள். படுக்கைக்குச் செல்லுமுன் ஒருமுறை சோதித்து, குறைவாயிருந்தால் உண்டு படுக்கட்டும். சீனிநீர்க் குவளை ஒன்றும் தலைமாட்டில் இருக்கட்டும்.