கடலில் மிதந்த ஓடுதளம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற அச்சம் மதராஸ் அரசையே மூட்டை கட்ட வைத்தது. வங்காள விரிகுடாவில் நுழைந்திருந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களும் அதற்கு ஒரு காரணம். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்ட விமானங்கள் புறப்பட்டது அவற்றில் ஒன்றான 'ரியூஜோ'விலிருந்து. அந்தக் கப்பல் இடம்பெற்ற படைப்பிரிவு அந்த நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஓட்டுபவருக்கு, ஓரடி பிசகினாலும் என்ன ஆகும் என்பது தெரியும். ஆனால் அந்தச் சாலை அசையாது. ரியூஜோவின் ஓடுதளமோ ஏறத்தாழ 156 மீட்டர் நீளம்தான். அலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். விமானம் எழும்ப, கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடும். எதிர்க்காற்றும் கப்பலின் வேகமும் சேர்ந்து இறக்கைக்குத் தூக்குவிசை தரும். இறங்கும்போது விமானத்தின் வாலிலுள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி அதை நிறுத்தும்.

10,000 டன்னுக்குக் குறைந்த விமானந்தாங்கிகளை, போர்க்கப்பல்களுக்கு வரம்பு விதித்த 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் ஜப்பான் ரியூஜோவைச் சிறியதாகத் திட்டமிட்டது. 1930 லண்டன் ஒப்பந்தம் அந்த வழியை அடைத்ததும், அதிக விமானங்களுக்காக இன்னொரு விமானக் கொட்டகையை மேலே அடுக்கியது. 1933இல் பணியில் சேர்ந்த கப்பல் மேல்பாரம் கூடித் தள்ளாடியது. திரும்பத் திரும்பச் சீரமைக்க வேண்டியிருந்தது.

1942 ஆகஸ்ட் 24. சாலமன் தீவுகளுக்கு அருகே ரியூஜோவின் விமானங்கள் குவாடல்கனால் தீவைத் தாக்கப் பறந்திருந்தன. அந்நேரம் அமெரிக்காவின் 'சரடோகா' கப்பலின் விமானங்கள் வந்து தாக்கின. குண்டுகளும் டார்பிடோவும் பாய்ந்தன. உள்ளே வெள்ளம் புகுந்தது. திரும்பிய விமானங்களுக்கு இறங்கத் தளமில்லை. சில கடலிலேயே இறங்கின. அன்று மாலை கப்பல் மூழ்கியது. சுமார் 120 பேர் மாண்டனர்.

விமானந்தாங்கிக்குத் தளமே பலம், தளமே பலவீனம். மேலே காக்கும் விமானங்களும் சுற்றிலும் துணைக்கப்பல்களும் போதாவிட்டால், எத்தனை பெரிய கப்பலானாலும் அது எளிய இலக்குதான். கொச்சியில் கட்டி 2022இல் நம் கடற்படையில் சேர்ந்த 262 மீட்டர் 'விக்ராந்த்'துக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.