டெர்மினல் என்னும் கறுப்புத் திரை

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கித் தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளைப் பற்றி அரசியல் மேடைகளில் எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஆனால் அவற்றின் உள்ளே என்ன இருந்தது என்பதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சொற்பம். அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த ஆரம்ப காலத்து யந்திரங்கள் பலவற்றில் ஒருபுறம் விண்டோஸும், மறுபுறம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தன. யந்திரத்தை உயிர்ப்பித்தவுடன் இரண்டில் எதற்குள் போகிறாய் என்று அது கேட்கும். பழக்கமானது விண்டோஸே என்பதால் அநேகர் அதற்குள் நுழைந்து, படம் பார்த்து, பாட்டுக் கேட்டு, ‘பாஸ்’ இருந்த பக்கம் தலைவைத்துப் படுக்கவே இல்லை. அந்தப் பக்கம் போன சிலரும், பட்டியலில் ‘டெர்மினல்’ என்றிருந்ததைத் தெரியாமல் சொடுக்கிவிட்டு, கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்து ஒற்றை வரியோடு சும்மா நிற்பதைக் கண்டு, ஏதோ கெடுத்துவிட்டோம் என்ற பயத்தில் அவசரமாக மூடியிருப்பார்கள். அந்த மடிக்கணினியில் இருந்தவற்றுள் மாணவனுக்கு அதிகப் பிரயோஜனமானது அந்தக் கறுப்பு ஜன்னல்தான் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

அந்த ஒற்றை வரியை முதலில் நிதானமாகப் பார்ப்போம். மாணவனின் பயனர் பெயர், அதன் பின் மின்னஞ்சல் முகவரியில் வருகிற ‘அட்’ குறி, யந்திரத்தின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அலைபோல் வளைந்த ‘டில்டே’ குறி, கடைசியில் ஒரு டாலர் குறி. அதற்கப்பால் மின்னிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கோடு. ‘நீ இன்னார், இன்ன யந்திரத்தில் உன் சொந்தக் கோப்புகளை வைக்கும் அடைவில் இருக்கிறாய், உத்தரவு என்ன?’ என்பதே இதன் அர்த்தம். படங்களும் பொத்தான்களும் நிறைந்த திரையில், அந்த மென்பொருளைச் செய்தவர் எந்தெந்தக் காரியங்களை முன்கூட்டியே யோசித்துப் பொத்தான் வைத்தாரோ அவற்றை மட்டுமே நாம் செய்ய முடியும். டெர்மினலிலோ, சிறுசிறு கட்டளைகளை ஒன்றோடொன்று கோத்து, எவரும் முன்பு யோசித்திராத ஒரு காரியத்தையும் நம் தேவைக்கேற்ப நாமே சொல்லிச் செய்வித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அழகில் இல்லை, இந்தச் சுதந்திரத்தில்தான் இருக்கிறது.

கட்டளைகள் ஏன் இத்தனை கறாராக, இரண்டெழுத்தும் மூன்றெழுத்துமாகச் சுருங்கிக் கிடக்கின்றன என்று கேட்பவர்களுக்குச் சரித்திரம் பதில் சொல்லும். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும், லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் இன்றுள்ளதைப் போன்ற திரை இல்லை. ‘டெலிடைப்’ என்னும் தட்டச்சு யந்திரம் இருந்தது. அதன் 33-ஆம் மாடல் விநாடிக்குப் பத்து எழுத்துகள் வீதம் காகிதச் சுருளில் கடகடவென்று அடிக்கும். விசைகளோ அழுத்துவதற்குக் கடினமானவை. அப்படிப்பட்ட யந்திரத்தில் விரல் நோகத் தட்டுகிறவன் நீளமான சொற்களை விரும்புவானா? பட்டியலிடு என்பதற்கு ‘எல்எஸ்’, பிரதியெடு என்பதற்கு ‘சிபி’, இடம் மாற்று என்பதற்கு ‘எம்வி’ என்று வைத்தார்கள். டெலிடைப் மறைந்து கண்ணாடித் திரை வந்தது. 1978-இல் டிஜிட்டல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த விடி100 என்னும் முனையம், அதாவது டெர்மினல், ஒரு வரிக்கு 80 எழுத்துகளும் ஒரு திரைக்கு 24 வரிகளும் காட்டியது. இன்றைய மடிக்கணினியில் டெர்மினலைத் திறந்தால் பெரும்பாலும் அதே 80-க்கு 24 அளவில்தான் திறக்கிறது. சொந்த அடைவைக் குறிக்கும் டில்டே குறிக்கும் இதைப் போல ஒரு பூர்வகதை உண்டு: 1976-இல் வந்த ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தின் விசைப்பலகையில் ‘ஹோம்’ என்ற சொல்லும் அந்த வளைவுக் குறியும் ஒரே விசையில் பொறிக்கப்பட்டிருந்தன.

இனி அப்பியாசம். கட்டளைகளை நான் தமிழெழுத்தில் உச்சரிப்பாகத் தருகிறேன். விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளாக அடித்து ‘என்டர்’ விசையைத் தட்ட வேண்டும். முதலில் ‘பிடபிள்யூடி’. இதைக் கேட்டவுடன் நம்மவர்க்குப் பொதுப்பணித் துறையும் ஏரிக் கரையும் ஞாபகத்துக்கு வருவது இயல்பே. இங்கே அது, நாம் இப்போது எந்த அடைவில் நிற்கிறோம் என்று சொல்லும் கட்டளை. ‘எல்எஸ்’ அடித்தால் அங்குள்ள கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும். ‘சிடி’ அடித்து ஓர் அடைவின் பெயரைச் சேர்த்தால் அதற்குள் போகலாம். ‘சிடி’யோடு இரண்டு புள்ளிகள் சேர்த்தால் ஒரு படி மேலே வரலாம். பெயர் முழுவதையும் அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்து ‘டேப்’ விசையைத் தட்டினால் மிச்சத்தை யந்திரமே பூர்த்தி செய்துவிடும். முன்பு அடித்த கட்டளை மறுபடி வேண்டுமானால் மேல்நோக்கிய அம்பு விசை போதும். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த ‘கண்ட்ரோல்’ விசையும் ‘சி’யும்.

புதிதாக வருகிறவர்களைக் கலவரப்படுத்துவது இதன் மௌனம். ஒரு கோப்பைப் பிரதியெடுக்கச் சொன்னால், எடுத்து முடித்துவிட்டு, ‘ஆயிற்று’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மறுபடி டாலர் குறியைக் காட்டிக்கொண்டு நிற்கும். காரியம் சரியாக நடந்தால் பேசாதிருப்பதும், தவறினால் மட்டும் வாய் திறப்பதும் யூனிக்ஸ் குடும்பத்தாரின் சம்பிரதாயம். அப்படி வாய் திறந்து அது சொல்வனவற்றுள் மூன்று வாக்கியங்களைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் தெளிந்துவிடும்: அப்படியொரு கட்டளை கிடையாது என்பது ஒன்று, அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை என்பது ஒன்று, உனக்கு அனுமதி இல்லை என்பது ஒன்று. முதலிரண்டும் பெரும்பாலும் எழுத்துப் பிழை. அல்லது, கோப்பின் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்து, ஒரு பெயரை யந்திரம் இரண்டாகப் பிரித்துப் படித்துவிட்ட கோளாறு. பெயரை மேற்கோள் குறிகளுக்குள் வைத்துவிட்டால் அந்தக் கோளாறு தீரும்.

டெர்மினலின் உண்மையான மகிமை, கட்டளைகளைக் கோக்கும் இடத்தில்தான் வெளிப்படுகிறது. ஒரு கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் மாணவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பங்களைப் பார்த்து ஒருவர் ஊர்ப் பெயர்களை மட்டும் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் அடித்துவிட்டார்: செய்யாறு, மதுராந்தகம், உத்திரமேரூர், மறுபடி செய்யாறு என்று அது நீண்டு போகிறது. ‘சார்ட்’ என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஊர்கள் வரிசைப்பட்டு, ஒரே ஊரின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ‘யூனிக்’ என்ற கட்டளை அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கும். கழித்தல் குறியும் ‘சி’யும் சேர்த்துக்கொண்டால் எத்தனை வரிகள் இருந்தன என்ற எண்ணையும் முன்னால் போடும். அடுத்தடுத்து நிற்பதை மட்டுமே அது ஒப்பிடும் என்பதால்தான் முதலில் வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. இதை மறந்து செய்யாற்றைப் பத்து இடத்தில் பார்த்துத் திகைப்பவர்கள் அநேகர். பிறகு இன்னொரு ‘சார்ட்’, இம்முறை கழித்தல் குறியுடன் ‘என்ஆர்’ சேர்த்து, எண்ணின்படி பெரியதிலிருந்து சிறியது வரை. இந்த மூன்று கட்டளைகளுக்கும் நடுவே நெடுங்கோடு ஒன்றை நிறுத்தி ஒரே வரியில் அடித்தால், கண் இமைக்கும் நேரத்தில் ஊர்வாரிக் கணக்கு திரையில் நிற்கும். நூறு பேரானாலும் பத்தாயிரம் பேரானாலும் வரி அதே வரிதான். அடுத்த ஆண்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம், தோழனுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். ‘அந்த மூலையிலுள்ள பொத்தானை அழுத்து, பிறகு வருகிற பட்டியலில் நான்காவது’ என்றெல்லாம் விவரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அந்த நெடுங்கோட்டுக்குப் ‘பைப்’ என்று பெயர். தோட்டத்துக் குழாய்களை ஒன்றோடொன்று பூட்டுவது போல நிரல்களையும் பூட்ட வழி வேண்டும் என்று பெல் ஆய்வுக்கூடத்து டக் மெக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பில் எழுதினார். அதைத் தாம்சன் யூனிக்ஸில் செய்துகாட்டியது 1973-இல். நல்ல யோசனைக்கும் ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கிறது.

தமிழ் மாணவனுக்கு இதில் தனியாக ஒரு சுவாரசியம் உண்டு. ‘எக்கோ’ என்ற கட்டளையோடு ‘அம்மா’ என்று தமிழிலேயே அடித்து, அதைப் பைப் வழியாக ‘டபிள்யூசி’ என்ற எண்ணும் கட்டளைக்கு அனுப்பிப் பாருங்கள். இலக்கணப்படி அதில் எழுத்து மூன்று. யந்திரம் கழித்தல் ‘எம்’ என்று கேட்டால் 6 என்கிறது. கழித்தல் ‘சி’ என்று கேட்டால் 16 என்கிறது. இரண்டிலும் ஒன்று, வரி முடிந்ததற்கான அடையாளம். அதைக் கழித்தால், அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என்று யூனிகோடு முறையில் ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுவதால் 15 பைட்டுகள். இப்படிச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையை 1992-இல் வகுத்தவர்களும் அதே கென் தாம்சனும் அவருடைய சகா ராப் பைக்கும்தான். நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் தட்டுக்கடியில் விரித்திருந்த காகிதத்தில் அதன் முதல் வரைவு எழுதப்பட்டது. ஆனால் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். டெர்மினல் திரையை ஒரே அகலமுள்ள கட்டங்களாகப் பகுத்துக்கொண்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்புகிற பழைய வழக்கத்தில் ஊறியது; நம்முடைய கொம்பும் காலும் அந்தக் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. ஆகவே பல டெர்மினல்களில் தமிழ், உயிர்மெய் பிரிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் அலங்கோலமாகத் தெரியும். உள்ளே சேமித்திருப்பது பழுதில்லாமல் இருக்கும், வெளித்தோற்றத்தில்தான் குறை.

அபாயம் இல்லையா என்றால், உண்டு. ‘ஆர்எம்’ என்னும் அழிக்கும் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். நட்சத்திரக் குறி ‘எல்லாம்’ என்று பொருள்படும். ‘நட்சத்திரம் புள்ளி ஜேபிஜி’ என்று சேர்த்து அடித்தால் படங்கள் மட்டும் அழியும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் இடையே தவறி ஓர் இடைவெளி விழுந்துவிட்டாலோ, அந்த அடைவிலுள்ள கோப்புகள் அனைத்தையும் அழித்துவிட்டு, புள்ளி ஜேபிஜி என்ற கோப்பைக் காணோமே என்று வேறு முறையிடும். இதற்குப் பரிகாரம் சுலபமானது: அழிப்பதற்கு முன்னால் அதே பெயர்க்குறியை ‘எல்எஸ்’ கட்டளையோடு அடித்து, எவையெவை அகப்படுகின்றன என்று ஒருதரம் கண்ணால் பார்த்துவிடுவது. ‘சூடோ’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் யந்திரத்தின் சர்வாதிகாரமும் தற்காலிகமாக நம் கைக்கு வரும். அதற்குக் கடவுச்சொல் கேட்கும்போது, பெரும்பாலும் அடிப்பது எதுவும் திரையில் தெரியாது. விசைப்பலகை பழுதில்லை, அருகிலிருப்பவர் எழுத்துகளை எண்ணிவிடக் கூடாதென்ற முன்ஜாக்கிரதைதான். முன்பின் தெரியாதவர் கொடுத்த கட்டளையை, அதிலும் சூடோவில் தொடங்குவதை, அர்த்தம் தெரியாமல் அடிப்பது விவேகமல்ல.

இந்தப் பழக்கம் எங்கே உதவும்? நமது பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலேயே, சி++ நிரலைப் பைத்தான் வழியாக ஓட்டும் பாடத்தில் கட்டளை ஜன்னல் வந்துவிடுகிறது. அதற்கு மேலே போனால், 2017 நவம்பரிலிருந்து உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலிலுள்ளவை யாவும் லினக்ஸில் இயங்குபவை; அவற்றின் முன்னே எவரும் சுட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. 1995-இல் பின்லாந்தில் தாத்து யுலோனன் எழுதிய ‘எஸ்எஸ்எச்’ என்ற கருவியின் வழியாக, எங்கோ இருந்துகொண்டு டெர்மினலில் உத்தரவு கொடுக்கிறார்கள். செய்யாற்றிலுள்ள மாணவனின் மடிக்கணினியும் அனுமதி பெற்றால் அதே வழியில் அங்கே போகும். விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. 2016 முதல் அதற்குள்ளேயே லினக்ஸை நிறுவிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆப்பிள் கணினிக்காரர்களுக்கு டெர்மினல் கூடவே வருகிறது.

புத்தகம் வாங்க வேண்டாம், வகுப்புக்குப் பணம் கட்டவும் வேண்டாம். இணையமே இல்லாத இடத்திலும் பெரும்பாலான லினக்ஸ் மடிக்கணினிகளுக்குள்ளே ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கவுரை இருக்கிறது. இன்று மாலை ‘மேன்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ‘எல்எஸ்’ என்று சேர்த்து, வருகிற முதல் பக்கத்தையாவது வாசித்துப் பாருங்கள். படித்து முடித்து வெளியே வர ‘க்யூ’ என்ற ஒற்றை எழுத்தை அழுத்தினால் போதும்.